டோபமின் சந்தோஷ ரசாயனம் இல்லை: பரிசும் ஆசையும் மூளைக்குப் பாடம் நடத்தும் விதம்

மூளையின் நரம்பணுக்கள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் ரசாயனங்களில் ஒன்றான "டோபமின்" இப்போது வாட்ஸ்அப் குடும்பக் குழு வரைக்கும் வந்துவிட்டது. போனைத் தொட்டால் டோபமின், கேக் சாப்பிட்டால் டோபமின், யாராவது லைக் போட்டால் டோபமின். ஒரு நாள் முழுக்க போன், பாட்டு, இனிப்பு எல்லாவற்றையும் விட்டுச் சும்மா உட்கார்ந்தால் அந்த டோபமின் வடிந்து மூளை புதுசாகிவிடும் என்று ஒரு வீடியோ வரும், அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜிகள். போனைக் கொஞ்ச நேரம் தள்ளி வைப்பது நல்லதுதான், அதில் சண்டை இல்லை. சொல்லும் காரணம்தான் தப்பு. டோபமின் உடம்பில் தேங்கும் அழுக்கு இல்லை. அது நிஜமாகவே குறைந்துபோனால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் பார்க்கின்சன் நோய் வந்தவர்களைப் பாருங்கள்: கை நடுங்குகிறது, நடை குறுகுகிறது, நாற்காலியை விட்டு எழுவதே ஒரு வேலையாகிவிடுகிறது.

சரி, அப்படியானால் அது என்னதான் செய்கிறது? அனுபவத்திலிருந்து மூளை எப்படிக் கற்கிறது, அதில் பரிசுக்கு என்ன பங்கு, சில விஷயங்களை எத்தனை தடவை சொன்னாலும் ஏன் மண்டையில் ஏறுவதில்லை என்பதையெல்லாம் அறிவியல் படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். மீ கோரேங், அதாவது வறுத்த நூடுல்ஸ், சாப்பிட்டிருந்தால் போதும்.

மீ கோரேங் கணக்கு

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு ஈப்போவிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர், "அந்த முக்கு ஸ்டால் மீ கோரேங் பரவாயில்லை தம்பி, சாப்பிடலாம்" என்கிறார். பரவாயில்லை என்றால் பத்துக்கு 5 என்று மனசு ஒரு மார்க் போட்டுக்கொள்கிறது. போய் உட்கார்ந்தால், சோத்தோங் சம்பல் மேலே தாராளமாக ஊற்றி, ஓரத்தில் பாதி எலுமிச்சையோடு, சட்டிச் சூட்டின் வாசம் மாறாமல் தட்டு வருகிறது. 9 மார்க். நினைத்ததற்கும் கிடைத்ததற்கும் 4 வித்தியாசம். மூளைக்குப் பாடம் இந்த 4-இல் இருக்கிறது, 9-இல் இல்லை.

அதற்காக மறுநாள் அவர் நேரே 9 எதிர்பார்த்துப் போவதில்லை, இன்றைக்கு ஏதோ அதிர்ஷ்டமாக அமைந்திருக்கலாமே. வித்தியாசத்தில் பாதியை மட்டும் ஏற்றுக்கொள்கிறார் என்று வைப்போம். 5 கூட்டல் 2, ஆக 7. மறுநாளும் தட்டு 9. வித்தியாசம் இப்போது 2, அதில் பாதி 1, எதிர்பார்ப்பு 8 ஆகிறது. அதற்கடுத்த நாள் 8.5. இப்படியே போனால் சில வாரத்தில் எதிர்பார்ப்பு கிட்டத்தட்ட 9-க்கு வந்துவிடும், வித்தியாசம் இல்லாமல் போய்விடும். மீ கோரேங் அதே ருசிதான், நாக்குக்கு ஒரு குறையும் இல்லை. கற்றுக்கொள்ளத்தான் ஒன்றும் மிச்சமில்லை.

அப்புறம் ஒரு நாள் கடைக்காரர் ஊருக்குப் போய்விட, வேறு கை கிண்டிய மீ வருகிறது, சம்பல் கொஞ்சம் கருகி. 5 மார்க். முதல் நாளே இந்த 5 வந்திருந்தால் "அண்ணன் சொன்ன மாதிரிதான்" என்று சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார். இன்றைக்கு முகம் சுருங்குகிறது, ஏனென்றால் கணக்கு கழித்தல் 4-இல் நிற்கிறது.

இங்கே இரண்டு கலைச்சொற்கள் போதும். கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வருவது எதிர்பார்ப்புப் பிழை. அந்தப் பிழையில் எவ்வளவு பங்கை ஏற்றுக்கொண்டு நம் கணிப்பைத் திருத்துகிறோம் என்பது கற்றல் வீதம். மேலே அது பாதி. 1972-இல் ராபர்ட் ரெஸ்கோர்லா, ஆலன் வாக்னர் என்ற இரு உளவியலாளர்கள் விலங்குகள் கற்பதை விளக்க எழுதிய சமன்பாடு ஏறக்குறைய இதேதான்.

இதுவரை பார்த்தது: பரிசின் அளவு பாடம் நடத்துவதில்லை, எதிர்பார்ப்பு தவறிய அளவுதான் நடத்துகிறது. தவறவே இல்லையென்றால் பரிசு இருந்தும் பாடம் இல்லை.

குரங்கு, விளக்கு, ஜூஸ்

கணக்கு அழகாக இருக்கிறது, மூளைக்குள் யார் இதைப் போடுகிறார்கள்? நடுமூளையில் டோபமினைச் சுரக்கும் நரம்பணுக்கள் சில லட்சம்தான் இருக்கின்றன. மனித மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் என்று பார்த்தால் இது ஒன்றுமேயில்லை. ஆனால் இவற்றின் கிளைகள் மூளையின் பெரும்பகுதிக்குப் போகின்றன, ஆகவே இங்கே ஒரு சின்னச் சலசலப்பு என்றாலும் பல இடத்துக்குச் சேதி போய்விடும்.

1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் சுவிட்சர்லாந்தில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளின் இந்த நரம்பணுக்களில் மெல்லிய மின்கம்பி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். குரங்கின் வாயில் திடீரென்று ஒரு சொட்டு ஜூஸ் விழுந்தால் நரம்பணு படபடவென்று துடித்தது. சந்தோஷ ரசாயனம் என்று சொல்பவர்கள் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஷுல்ட்ஸ் நிறுத்தவில்லை. ஜூஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரு விளக்கு எரியும்படி செய்தார். குரங்கு அதைப் பழகியதும் துடிப்பு ஜூஸை விட்டு விளக்குக்கு மாறிவிட்டது. ஜூஸ் அதே ஜூஸ், குரங்கு ஆசையாகத்தான் குடிக்கிறது, நரம்பணு மட்டும் கண்டுகொள்ளவில்லை. கடைசியாக, விளக்கை எரியவிட்டு ஜூஸைக் கொடுக்காமல் விட்டார். சரியாக ஜூஸ் வர வேண்டிய அந்த நொடியில் நரம்பணுவின் வழக்கமான சத்தமும் அடங்கிப்போனது.

மீ கோரேங் கணக்கோடு பொருத்திப் பாருங்கள். எதிர்பாராமல் கிடைத்தால் கூட்டல், எதிர்பார்த்தது அப்படியே கிடைத்தால் பூஜ்யம், எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் கழித்தல். 1997-இல் பீட்டர் டயன், ரீட் மொன்டேகு இருவரோடு சேர்ந்து ஷுல்ட்ஸ் எழுதிய கட்டுரை இதைத்தான் சொன்னது: கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேறு சிலர் எழுதி வைத்திருந்த ஒரு கணக்கும் இந்த நரம்பணுக்களின் துடிப்பும் அப்படியே ஒத்துப்போகின்றன. கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததை மூளை எப்போதோ செய்துகொண்டிருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் சிலிர்ப்பான விஷயம்.

அப்படியானால் சந்தோஷக் கதை எங்கிருந்து கிளம்பியது? 1954-இல் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலியின் மூளையில் மின்கம்பி வைத்து, நெம்புகோலை அழுத்தினால் மின்சாரம் பாயும்படி செய்தார்கள். எலிகள் விடாமல் அழுத்தின. அழுத்துகிறதென்றால் இன்பமாகத்தான் இருக்க வேண்டும், அந்த இடத்தில் டோபமின் இருப்பது பின்னால் தெரிந்தபோது, டோபமின்தான் இன்பம் என்று முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் கென்ட் பெரிட்ஜ். டோபமின் கிட்டத்தட்ட முழுக்க அழிக்கப்பட்ட எலிகள் பக்கத்தில் இருக்கும் உணவைத் தேடிப் போவதில்லை, ஊட்டாவிட்டால் பட்டினிதான். ஆனால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால் மற்ற எலிகளைப் போலவே சப்புக்கொட்டுகின்றன. ஆக, ருசிப்பது வேறு, வேண்டும் என்று துடிப்பது வேறு. டோபமின் பெரும்பாலும் இரண்டாவதன் பக்கம்.

மனிதர்களிடமும் இதற்குத் தடயம் இருக்கிறது. 2004-இல் மைக்கேல் ஃபிராங்கும் சக ஆய்வாளர்களும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஒரு தேர்ந்தெடுக்கும் விளையாட்டு கொடுத்தார்கள். டோபமினைக் கூட்டும் மருந்து சாப்பிட்டிருந்தபோது அவர்கள் ஜெயித்த தேர்வுகளிலிருந்து நன்றாகக் கற்றார்கள். மருந்து இல்லாதபோது தோற்ற தேர்வுகளிலிருந்து. மூளையில் டோபமின் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து எந்தப் பாடம் ஏறும் என்பதே மாறுகிறது.

நாலு நம்பர் ஏன் விடுவதில்லை

புதன், சனி, ஞாயிறு சாயங்காலம், நாலு இலக்க லாட்டரி விற்கும் நம்பர் கடை முன்னால் நிற்கும் வரிசை பினாங்கில் யாருக்கும் புதிதில்லை. கனவில் வந்த நம்பர், விபத்தான காடியின் நம்பர், பேரன் பிறந்த நேரம், எதுவும் விலக்கில்லை. 0000 முதல் 9999 வரை 10,000 நம்பர்கள், ஒரு குலுக்கலில் 23 நம்பருக்குப் பரிசு, ஆக ஒரு டிக்கெட் ஏதாவது ஒரு பரிசு பெற வாய்ப்பு சுமார் 435-இல் ஒன்று, அந்த 23-இலும் 20 சின்னப் பரிசுகள். இது வரிசையில் நிற்கும் பலருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன்?

மீ கோரேங்கில் எதிர்பார்ப்பு உண்மையைப் பிடித்துவிட்டது, பிழை அடங்கிவிட்டது. குலுக்கலில் அது எப்போதும் அடங்காது. பெரும்பாலான நாள் வருவது ஒரு சின்னக் கழித்தல்தான், எப்போதாவது விழும் பரிசோ எந்தக் கணிப்புக்குள்ளும் வராத பெரிய கூட்டல். எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்காக விலங்குகள் சளைக்காமல் வேலை செய்யும், பரிசை நிறுத்திய பிறகும் வெகுநேரம் விடாது என்று பி.எஃப். ஸ்கின்னர் காலத்திலேயே கண்டுவிட்டார்கள். போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டே போவதிலும் இதுதான் நடக்கிறது.

இன்னொரு குசும்பும் இருக்கிறது. நீங்கள் எடுத்தது 4417, விழுந்தது 4471. "ச்சே, ஒரு இடம் மாறிப்போச்சே!" 2009-இல் லூக் கிளார்க் குழு சூதாட்ட இயந்திரம் போன்ற ஒன்றில் ஆட்களை விளையாட விட்டு மூளையைப் படம்பிடித்தது. மயிரிழையில் தவறியபோது, ஜெயித்தால் வேலை செய்யும் மூளைப் பகுதிகள் சில இதற்கும் வேலை செய்தன. கேட்டால் முழுசாகத் தோற்றதைவிட இது கசக்கிறது என்கிறார்கள், ஆனால் தேர்வைத் தாங்களே செய்திருந்தால் மறுபடி ஆடும் ஆசை கூடுகிறது. பேட்மிண்டனில் ஷாட் கோட்டுக்கு ஒரு விரல் வெளியே விழுந்தால் அது நிஜமான பாடம், கையைக் கொஞ்சம் திருத்தினால் அடுத்தது உள்ளே விழும். குலுக்கலில் 4471-க்கும் 4417-க்கும் எந்த உறவும் கிடையாது. மூளை இரண்டையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்கிறது.

சைக்கிள் வாங்கித் தருகிறேன், படி

ஆறாம் ஆண்டில் எழுதும் யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு இருந்த காலத்தில் (2021-இல் அதை எடுத்துவிட்டார்கள்) தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் பலர் 7ஏ, அதாவது ஏழிலும் ஏ, எடுத்தால் சைக்கிள் என்பார்கள். இது வேலை செய்யுமா என்றால், ஓரளவுக்குச் செய்யும். 2006-இல் அலிசன் அட்காக் குழு செய்த சோதனையில், ஞாபகம் வைத்திருந்தால் 5 டாலர் என்ற படங்கள், 10 காசு என்ற படங்களைவிட மறுநாள் நன்றாக நினைவில் நின்றன. படம் வருவதற்கு முன்பே, பரிசு உண்டு என்ற அறிவிப்பின்போதே, டோபமின் பகுதியும் நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியும் சேர்ந்து சுறுசுறுப்பாக இருந்தால்தான் நன்றாகப் பதிந்தது.

ஆனால் 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் பாலர்பள்ளிப் பிள்ளைகளிடம் கண்டது வேறு. தானாகவே ஆசையாகப் படம் வரையும் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு சுதந்திரமாக விளையாட விட்டபோது அந்தப் பிள்ளைகள் மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. ஏற்கனவே விருப்பம் இல்லாத வேலைக்குப் பரிசு கொடுத்தால் கெட்டுப்போக விருப்பம் ஏதுமில்லை, ஆகவே வாய்ப்பாட்டுக்கு மிட்டாய் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தானாகக் கதைப்புத்தகம் எடுத்துப் படிக்கிற பிள்ளையிடம் ஒரு பக்கத்துக்கு இத்தனை காசு என்று பேரம் பேசுவதுதான் வேண்டாத வேலை.

பரிசு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. 2014-இல் மத்தியாஸ் குரூபரும் சகாக்களும், விடை தெரிய வேண்டும் என்று ஆவல் இருந்த கேள்விகளின் விடை நன்றாக நினைவில் நிற்பதைக் காட்டினார்கள். அதில் ஆச்சரியமில்லை. அந்த ஆவலோடு காத்திருக்கும் இடைவெளியில் சும்மா காட்டிய, சம்பந்தமே இல்லாத முகங்களும் கூடுதலாக நினைவில் நின்றன. விடையைச் சொல்வதற்கு முன் கேள்வியை நன்றாகக் கிளறிவிடும் ஆசிரியர் ஏன் ஜெயிக்கிறார் என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

சுருக்கமாக: டோபமின் எதிர்பார்ப்புப் பிழையைச் சொல்கிறது, வேண்டும் என்ற துடிப்பையும் கிளப்புகிறது, பதிவதற்கும் கை கொடுக்கிறது. இதுவரை பேசியது ருசி, காசு, மார்க். இனி, நாம் எதை உண்மை என்று ஏற்றுக்கொள்கிறோம் என்பது.

மாமாவின் சுகர்

இங்கே நம்பிக்கை என்று நான் சொல்வது சாமி நம்பிக்கை இல்லை. உலகம் இப்படி இருக்கிறது என்று மனசு வைத்திருக்கும் கணிப்பு. "எனக்குச் சுகர் இல்லை" என்பது ஒரு நம்பிக்கை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது, ஆகவே மருமகளுக்கும் மாமாவுக்கும் நடக்கும் இந்த உரையாடல் நம் வீடுகளில் அபூர்வமானது இல்லை.

"மாமா, கிளினிக்ல என்ன சொன்னாங்க?"

"வெறும் வயித்துல ஒம்பதுன்னு காட்டுது. அது ஒண்ணுமில்லம்மா, முந்தின நாள் கல்யாண விருந்து. அந்த மிஷினும் பழசு."

கணக்குப்படி பார்த்தால் மாமா 5 (லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்ற அளவில்) எதிர்பார்த்தார், 9 வந்தது, பெரிய பிழை, நம்பிக்கை மாற வேண்டும். மாறவில்லை. சரி, மாறாததே தப்பு என்று சொல்ல முடியுமா? முடியாது. மீ கோரேங் கடையில் இருநூறு தடவை நன்றாகச் சாப்பிட்டவர் ஒரு நாள் கருகியதற்காகக் கடையை மாற்றத் தேவையில்லை. நிலவரம் நிலையாக இருந்தால் கற்றல் வீதத்தைக் குறைத்து வைப்பதும், அடிக்கடி மாறினால் கூட்டுவதும் புத்திசாலித்தனம், மூளை அப்படிச் செய்கிறது என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. மாமாவிடம் கேட்க வேண்டியது வேறு: மிஷின் 5 என்று காட்டியிருந்தால், அது பழசு என்பது ஞாபகத்துக்கு வந்திருக்குமா?

வந்திருக்காது. பிடித்த செய்தி வந்தால் "இதை நம்பலாமா?" என்று கேட்கிறோம், பிடிக்காதது வந்தால் "இதை நம்பியே ஆக வேண்டுமா?" என்று கேட்கிறோம் என்று தாமஸ் கிலோவிச் சொன்னது இதைத்தான். முதல் கேள்விக்கு ஒரு சாட்சி போதும். இரண்டாவதில் தப்பிக்க ஒரு ஓட்டை போதும். ஆசை சார்ந்து இப்படி நியாயம் தேடுவதை ஆசை வழி வாதம் எனலாம். இதை ஆராய்ந்த சீவா குண்டா 1987-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், கோப்பியில் இருக்கும் கஃபீன் பெண்களுக்கு ஒரு வகை நோயைக் கொண்டுவரலாம் என்ற கட்டுரையை ஆண், பெண் இருபாலரிடமும் கொடுத்தார். நிறைய கோப்பி குடிக்கும் பெண்கள் மட்டும், குறைவாகக் குடிக்கும் பெண்களைவிட அதை நம்பத் தயங்கினார்கள். ஆண்களில் நிறைய குடித்தாலும் குறைவாகக் குடித்தாலும் வித்தியாசமில்லை, அவர்களுக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லையே. கவனியுங்கள், இது படிப்பறிவு சம்பந்தப்பட்டது இல்லை. புத்திசாலிக்கு ஓட்டை கண்டுபிடிக்கும் திறமையும் கூடுதல்.

2011-இல் டாலி ஷாரோட் குழு இதையே எதிர்பார்ப்புப் பிழையின் மொழியில் அளந்தது. 80 கெட்ட நிகழ்வுகள் ஒவ்வொன்றும் உங்களுக்கு நடக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று கேட்டு, உண்மையான சராசரியைச் சொல்லி, மறுபடி கேட்டார்கள். நினைத்ததைவிட வாய்ப்பு குறைவு என்று தெரிந்தவர்கள் கணிப்பை நன்றாகத் திருத்தினார்கள், கூடுதல் என்று தெரிந்தவர்கள் அரைகுறையாக. அதாவது நல்ல சேதிக்கு ஒரு கற்றல் வீதம், கெட்ட சேதிக்கு வேறு. அடுத்த ஆண்டு அதே குழு, டோபமினைக் கூட்டும் மருந்தைக் கொடுத்தால் இந்தச் சாய்வு அதிகமாவதாகவும், கெட்ட சேதியை ஏற்பது குறைவதால் அப்படி ஆவதாகவும் காட்டியது. இந்த வகைச் சோதனைகளில் சாய்வு கணக்கு முறையாலேயே பொய்யாகத் தோன்றலாம் என்று 2016-இல் புனித் ஷாவும் மற்றவர்களும் எதிர்வாதம் வைத்தார்கள், சர்ச்சை ஓயவில்லை. ஆகவே இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். 2018-இல் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களிடம் பார்த்தபோது, பதற்றத்தில் இருப்பவர்களிடம் சாய்வு மறைந்து, கெட்ட சேதியும் சரியாக ஏறியது. ஆனால் மாமாவைப் பயமுறுத்திக்கொண்டே இருப்பது ஒரு வைத்தியம் ஆகாது.

அப்படியானால் மருமகள் என்ன செய்யலாம்

மாமாவின் சிக்கலில் இரண்டு பாதி இருக்கிறது. ஒன்று, முடிவு வந்த பிறகு அதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதை ஆசை தீர்மானிக்கிறது. அதற்கு, எடையை முன்கூட்டியே பேசிவிட வேண்டும்: "மாமா, அடுத்த டெஸ்ட்ல எவ்வளவு வந்தா டாக்டர் சொல்ற மருந்தைச் சாப்பிடுவீங்க, இப்பவே சொல்லுங்க." அதோடு எச்பிஏ1சி பரிசோதனை எடுக்கச் சொல்லலாம். அது சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, ஒரு நாள் கல்யாண விருந்தின் மேல் பழி போட முடியாது.

இன்னொன்று, கால தாமதம். தே தாரிக் என்ற பால் டீயின் இனிப்பு இந்த நொடியில் வருகிறது. அதற்கான விலை கண்ணிலும் சிறுநீரகத்திலும் வருவதற்குப் பல வருஷம். ஜூஸ் வர வேண்டிய நொடியை ஒட்டியே துடித்த அந்த நரம்பணுக்களுக்கு இவ்வளவு தள்ளி வரும் நஷ்டம் எந்தச் சைகையும் அனுப்புவதில்லை. ஆகவே சைகையைக் கிட்டே கொண்டுவர வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சின்ன சுகர் மீட்டர் மருந்துக்கடையில் கிடைக்கிறது. நாசி கண்டார் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, இன்னொரு நாள் தோசையும், பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்கும் பசியாறி அதே இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை. குத்துவதற்கு முன் என்ன எண் வரும் என்று மாமாவையே ஊகிக்கச் சொல்லி ஒரு தாளில் எழுத வைக்க வேண்டும், ஏனென்றால் ஊகம் இல்லாமல் பிழை இல்லை. மீட்டர் கையில் இருக்கிறது என்பதற்காக மருந்தளவை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.